மூடப்படும் தேவாலயத்துப் பழைய பைப் ஆர்கனை எங்கள் சிற்றாலயத்துக்குக் கொண்டுவரலாமா?

மூடப்போகிற ஒரு தேவாலயத்திலிருந்து நூறு வருடத்துக்கு மேல் பழையதான சின்ன பைப் ஆர்கன் ஒன்று உங்களுக்குக் கிடைக்கிறது. ஒரே கட்டைவரிசை, ஐந்து ஸ்டாப் (ஸ்டாப் என்பது ஒரே வகைக் குரல் தரும் குழாய் வரிசை, அதைத் திறக்க இழுக்கும் பிடிக்கும் அதே பெயர்தான்). அதை எண்பது பேர் உட்காரும் சிற்றாலயத்தில் வைக்கலாமா, பழுதுபார்ப்பதில் என்னென்ன இருக்கிறது, எவ்வளவு வேலையை நீங்களே செய்துகொள்ளலாம், சுருதி இன்றைய வாத்தியங்களோடு ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

வைக்கலாம். அந்த அளவு அறைக்கு ஐந்து ஸ்டாப் தாராளமாகப் போதும், பெரும்பாலான பாடல்களுக்கு இரண்டு மூன்று ஸ்டாப் இழுத்தாலே சபையைத் தூக்கிப் பிடிக்கும். ஆனால் இனாமாகக் கிடைப்பது ஆர்கன் மட்டும்தான். கழற்றி, ஏற்றி, பழுதுபார்த்து, திரும்ப நிறுத்தி, சுருதி சேர்ப்பதற்குள் ஆகும் செலவு முழுவதும் உங்களுடையது, அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பழைய ஆர்கனின் குரல் மூன்று இடத்தில் இருக்கிறது: குழாயின் வாய் (ஒலி பிறக்கும் வெட்டு), அதன் அடியில் கூம்பாக இருக்கும் காலின் ஓட்டை, அதற்குள் போகும் காற்றின் அழுத்தம். தோல் கிழிந்தால் புதுத் தோல் ஒட்டலாம், மரம் வெடித்தால் அடைக்கலாம், உடைந்த கட்டையைச் செய்துகொள்ளலாம். அந்த மூன்றில் யாராவது கை வைத்துவிட்டால் பழைய குரல் திரும்பி வராது. நல்ல பழுதுபார்ப்பு என்றால் குழாயைத் தொடவேண்டிய அவசியமே வராதபடி காற்று வரும் வழியை எல்லாம் சரிசெய்வதுதான். யாரிடம் வேலை கொடுக்கப் போகிறீர்களோ அவரிடம் பேசும்போது, "குழாய்களை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "கழுவி, நெளிசலை எடுத்து, அப்படியே வைப்போம்" என்று சொல்கிறவர் உங்களுக்கு வேண்டியவர். "குரலைக் கொஞ்சம் பிரகாசமாக்கித் தருகிறோம்" என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

ஒத்துக்கொள்ளும் முன் அது யார் செய்தது, எப்போது, எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் இருப்பது என்றால் தேசிய பைப் ஆர்கன் பதிவேட்டில் தேடலாம். 1976-ல் தொடங்கிய பிரிட்டிஷ் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்கன் ஸ்டடீஸ், வரலாற்று மதிப்புள்ள ஆர்கன்களுக்குத் தரம் பிரித்துச் சான்றும் தருகிறது. அமெரிக்காவில் 1956-ல் தொடங்கிய ஆர்கன் ஹிஸ்டாரிகல் சொசைட்டி இதேபோல ஒரு தகவல் தளம் வைத்திருக்கிறது. ஏட்டில் இல்லாததை ஆர்கனே சொல்லும். செய்தவர்கள் முதல் கட்டையின் பக்கவாட்டிலும், குழாய்கள் நிற்கும் காற்றுப்பெட்டிக்குள் காற்றைத் திறந்துவிடும் பெரிய மூடியின் மேலும், துருத்தியின் உள்பக்கத்திலும் பென்சிலால் பெயரோ தேதியோ எழுதி வைத்திருப்பார்கள். காற்று கசியாமலிருக்க உள்ளே ஒட்டிய காகிதம் பழைய கணக்கேட்டுத் தாளாக இருக்கும், சில சமயம் செய்தித்தாளாகவும் இருக்கும். அழுக்கு என்று நினைத்து அதைத் துடைத்து எறிந்துவிடாதீர்கள், காலத்தைக் கணிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மாற்றம் என்று சொன்னேனே, அதில் குறிப்பாக ஒன்றைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பழைய மென்மையான 8 அடி ஸ்டாப்களை (அந்த வரிசையின் மிகப் பெரிய திறந்த குழாயின் நீளத்தை வைத்து வந்த பெயர்) வெட்டிக் குட்டையாக்கி 2 அடி ஸ்டாப்பாக மாற்றும் பழக்கம் பல நாடுகளில் பரவலாக இருந்தது. குழாயில் பொறித்திருக்கும் சுரத்தின் பெயரும் அது இப்போது நிற்கும் இடமும் ஒத்துப்போகாவிட்டால் அப்படி ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதனாலேயே வேண்டாம் என்று சொல்லவேண்டியதில்லை, தெரிந்து வாங்குவது வேறு.

அடுத்து உங்கள் சிற்றாலயம். ஆர்கனை விட்டுவிட்டு முதலில் கூரையை அளந்து பாருங்கள். திறந்த 8 அடிக் குழாயில் மிகப் பெரியதற்கு ஒலிக்கும் உடல் மட்டுமே சுமார் 2.4 மீட்டர், அதற்குக் கீழே அதன் கால், அதற்கும் கீழே காற்றுப்பெட்டி, அப்புறம் மேலே கை விட்டுச் சுருதி சேர்க்க இடம். இதெல்லாம் கூட்டினால் 3 மீட்டரைத் தாண்டிவிடும். பல சின்ன ஆர்கன்களில் அடிச்சுரங்களுக்கு மூடிய மரக்குழாய் வைத்திருப்பார்கள், மூடிய குழாய் பாதி நீளத்திலேயே அதே சுரத்தைத் தரும் என்பதால் உயரம் குறையும். இடிக்கிறது என்றால் வேறு ஆர்கன் தேடுங்கள். பழைய குழாயை அறுத்து வளைத்து ஒட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். தரை அசையாமல், மட்டமாக இருக்க வேண்டும். பின்பக்கம் ஓர் ஆள் நுழைந்து வேலை செய்ய வழி விடவேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு சின்னக் கோளாறுக்கும் பாதி ஆர்கனைக் கழற்ற வேண்டியிருக்கும். வெயில் நேரே விழும் ஜன்னல் பக்கமும், ஏசி காற்றோ ஹீட்டர் சூடோ அடிக்கும் இடமும், ஈரம் ஊறும் வெளிச்சுவரும் ஆகாது.

இதைவிட முக்கியம் காற்றின் ஈரப்பதம். 45-லிருந்து 65 சதவீதத்துக்குள் இருந்தால் மரம் நிம்மதியாக இருக்கும். அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டினால்கூட மெதுவாகத் தாண்டினால் பரவாயில்லை. ஆறு நாள் குளிரில் கிடந்துவிட்டு ஆராதனைக்காக இரண்டு மணி நேரம் ஹீட்டரைக் கொதிக்க விடுகிறார்களே, அதுதான் காற்றுப்பெட்டியை வெடிக்க வைக்கிறது. விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்றை ஆர்கன் வரப்போகும் இடத்தில் இன்றைக்கே மாட்டி, ஒரு வருடம் முழுவதும் குறித்துவையுங்கள். பிலிப்பைன்ஸின் லாஸ் பின்யாஸில் இருக்கும் மூங்கில் ஆர்கனை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். தியேகோ செரா என்கிற பாதிரியார் 1816-ல் தொடங்கி 1824-ல் முடித்தது. 1031 குழாய்களில் 902 மூங்கில். 1973-ல் அதைப் பழுதுபார்க்க ஜெர்மனியில் பான் நகரத்து கிளைஸ் பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே பிலிப்பைன்ஸின் வெப்பமும் ஈரமும் இருக்கும்படி தனி அறையை ஏற்படுத்தி அதற்குள் வைத்து வேலை செய்து, 1975-ல் திருப்பி அனுப்பினார்கள். பட்டறையின் காற்றுக்குப் பழகிய மரம் ஊருக்குத் திரும்பி வந்து மறுபடி நெளியக்கூடாது என்பதுதான் காரணம். உங்களுடையது அவ்வளவு தூரம் போகாது, ஆனாலும் பட்டறையிலும் உங்கள் சிற்றாலயத்திலும் ஈரப்பதம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

காகித வேலையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உரிமை மாறுவதை எழுத்தில் வாங்குங்கள். கட்டிடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்தால் ஆர்கனும் அதோடு சேர்ந்திருக்கலாம், அனுமதி இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டாம். கட்டைகளின் மேல் வெள்ளைத் தகடு தந்தமா எலும்பா என்று பாருங்கள்: எலும்பில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் இருக்கும், தந்தத்தில் மெல்லிய ரேகைகள் ஓடும். தந்தம் என்றால் எல்லை தாண்டும்போது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த அனுமதி தேவைப்படும், பிரிட்டனில் 2018-ம் ஆண்டு தந்தச் சட்டப்படி விற்பனைக்கே தனிப் பதிவு வேண்டும்.

இனிமேல் சொல்வதுதான் பலரும் தவறவிடுவது. கழற்றுவதற்கு முன் ஆர்கனை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே அளந்துவிட வேண்டும். மூச்சு வாங்கினாலும் சரி, பாதிக் குழாய் பேசாவிட்டாலும் சரி, கடைசியாக ஒருமுறை காற்றேற்றி ஒவ்வொரு ஸ்டாப்பையும் ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்யுங்கள். காற்றழுத்தத்தை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை, யு வடிவத்தில் வளைத்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி ஒரு முனையைக் காற்றுப்பெட்டியில் சொருகினால் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம். இந்த வகை ஆர்கன்களில் பெரும்பாலும் 60-லிருந்து 80 மில்லிமீட்டருக்குள் இருக்கும்.

அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று துருத்தியின் மேலே பாருங்கள். இரும்புக் கட்டி, கல், செங்கல் என்று என்னென்னவோ அடுக்கியிருக்கும். ஏற்ற வந்தவர்கள் அதைக் குப்பை என்று ஓரமாகப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள், இதை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு கிலோ எடை வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நீரழுத்தம். துருத்தியின் மேற்பலகை ஒன்றரைச் சதுர மீட்டர், அழுத்தம் 70 மில்லிமீட்டர் என்றால், பலகையின் எடையோடு சேர்த்து மொத்தம் 105 கிலோ அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் பத்துப் பதினைந்து கிலோ குறைந்தாலே எல்லாக் குழாயும் சோர்ந்து, சுருதி இறங்கிப் பேசும். அப்போது "குழாய் பலவீனமாக இருக்கிறது" என்று சொல்லி ஒருவர் காலின் ஓட்டையைப் பெரிதாக்குவார், அத்தோடு கதை முடிந்தது. ஒவ்வொரு கட்டிக்கும் எண் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று படமெடுத்து, எடை போட்டு வையுங்கள்.

சுருதியைக் குறிக்கும்போது அறை வெப்பத்தையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் குழாய் சுமார் 3 சென்ட் ஏறும் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு). 20 டிகிரியில் சேர்த்தது 30 டிகிரியில் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உயர்ந்து நிற்கும். வெப்பம் எழுதாத சுருதிக் குறிப்பால் எந்தப் பயனும் இல்லை.

காற்றுப்பெட்டியின் நிலையைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். எல்லா ஸ்டாப்பையும் உள்ளே தள்ளிவிட்டு, கட்டைகளைக் கையை விரித்து மொத்தமாக அழுத்துங்கள். எதுவும் ஒலிக்கக்கூடாது, ஒலித்தால் ஸ்டாப்பைத் திறந்து மூடும் சறுக்குச்சட்டம் சரியாக உட்காரவில்லை. அப்புறம் ஒரு ஸ்டாப்பை மட்டும் இழுத்து, ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி பக்கத்துக் குழாய்களுக்கு அருகில் காதைக் கொண்டுபோங்கள். ஹஸ் என்று மெல்லிய முனகல் கேட்டால், காற்றுப்பெட்டிக்குள் ஒரு தடுப்பிலிருந்து அடுத்த தடுப்புக்குக் காற்று கசிகிறது, மரம் எங்கோ வெடித்திருக்கிறது. செலவு எங்கே போகும் என்பதை இந்தச் சோதனை பெரும்பாலும் சொல்லிவிடும்.

கழற்றும்போது குழாய்கள் முதலில், துருத்தி கடைசியில். ஐந்து ஸ்டாப் என்றால் ஏறத்தாழ 250-லிருந்து 280 குழாய் இருக்கும். ஸ்டாப்புக்கு ஒரு தட்டு என்று மரத் தட்டுகள் செய்து, குழாய்களைப் படுக்கவைத்து, வாய் மேலே பார்த்தபடி, ஒன்றோடொன்று உரசாமல் அமிலம் இல்லாத தாளால் இடைவெளியை நிரப்புங்கள். உலோகக் குழாய் என்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்தது, விரலால் அழுத்தினாலே பள்ளம் விழும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். வாய்ப்பக்கம் பிடித்துத் தூக்கவே கூடாது. கையுறை போடுங்கள், சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள், ஈயம் ஈயம்தான். கட்டைக்கும் காற்றுப்பெட்டிக்கும் நடுவே ஓடும் ட்ராக்கர் என்கிற மெல்லிய மரக்கீற்றுகளை வரிசை மாறாமல் எண்ணிட்டுக் கட்டுங்கள். பழைய திருகாணிகள் அதே ஓட்டைக்குத் திரும்பிப் போகவேண்டும்.

ஒரு எச்சரிக்கை: குழாய்களைப் புது ஓக் மரப்பெட்டியிலோ எம்டிஎஃப் பெட்டியிலோ மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். ஐரோப்பாவில் பல பழைய ஆர்கன்களின் ஈயக் குழாய்கள் ஓக் மரத்திலிருந்து வரும் அசிட்டிக் அமிலத்தால்தான் ஓட்டை விழுந்தன என்று ஆய்வில் தெளிவாகியிருக்கிறது. பைன் மரத் தட்டு, காற்றோட்டமான அறை, அவ்வளவு போதும்.

பட்டறையில் அதிக நேரம் பிடிப்பது துருத்தியும் காற்றுப்பெட்டியும். துருத்தியின் மடிப்புகளில் இருக்கும் ஆட்டுத்தோல் காய்ந்து, மடியும் இடத்தில் பிளந்திருக்கும். அதை எடுத்துவிட்டுத் தாவரப் பதனிட்ட புதுத் தோலைச் சூடான வஜ்ஜிரப் பசையால் ஒட்ட வேண்டும். பழைய தச்சர்கள் பயன்படுத்திய அதே வஜ்ஜிரம்தான். வெந்நீரில் இளகிவிடும் என்பதே அதன் பெருமை, இன்னும் அறுபது எழுபது வருடம் கழித்து வேறொருவர் அதைத் திறக்க வேண்டி வரும்போது மரம் சேதமாகாமல் பிரியும். வெள்ளைப் பசையால் ஒட்டினால் மரத்தோடு பிய்த்துத்தான் எடுக்க முடியும், அதுவும் அமில ஆவி விடும் சாமான்தான். காற்றுப்பெட்டியின் மேற்பலகை வெடித்திருந்தால் அதே வகைப் பழைய மரத்தில் மெல்லிய கீற்று செதுக்கி அடைக்கலாம். முழுப் பலகையையும் எடுத்துவிட்டு பிளைவுட் போடலாம் என்பார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை. நூறு வருடம் ஓடிய பலகையைத் தூக்கிப் போடுவதற்கு அது காரணமாகாது என்பது என் உறுதியான கருத்து. வண்டு துளைத்த மரமென்றால் பூச்சிமருந்தை ஊற்ற வேண்டாம், தோலும் உலோகமும் பாழாகும். ஆக்சிஜன் இல்லாத உறையில் வைத்துப் பூச்சியைக் கொல்லும் முறை இருக்கிறது.

இப்போது குழாய். ஒன்றைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பாருங்கள். கீழே கூம்பாகக் கால், அதன் நுனியில் சின்ன ஓட்டை. காலும் உடலும் சேரும் இடத்தில் உள்ளே ஒரு தட்டையான நாக்கு, அதன் விளிம்புக்கும் கீழுதட்டுக்கும் நடுவே தாள் நுழையும் அளவுக்கு ஒரு கீற்று இடைவெளி. காற்று அந்தக் கீற்று வழியே தகடாக வந்து மேலுதட்டில் மோதி அலைகிறது, அதுதான் ஒலி. நாக்கின் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும், செய்தவர் கத்தியால் ஒவ்வொன்றாகப் போட்டது. குழாய் பேசத் தொடங்கும்போது எவ்வளவு கரகரப்பு இருக்கவேண்டும் என்பதை அவை தீர்மானிக்கின்றன. மேலுதட்டை அரை மில்லிமீட்டர் உயர்த்தி வெட்டினால் சின்னக் குழாயில் அது வேறு குரலாகிவிடும். தூசியை மென்மையான தூரிகையால் எடுத்து, உலோகக் குழாயை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காயவைத்தால் போதும். பேசாமல் கிடந்த குழாய்களில் கணிசமானவை அதிலேயே பேச ஆரம்பிக்கும், செத்த பூச்சியும் சுண்ணாம்புத் துணுக்கும் அடைத்திருந்ததுதான் காரணமாக இருக்கும். பாலிஷ் வேண்டாம். முகப்புக் குழாய்களில் பழைய வண்ண வேலைப்பாடு இருந்தால் அதன்மேல் புது வண்ணம் பூசவும் வேண்டாம்.

சுருதி ஏ 440-க்கு (இன்றைய வாத்தியங்கள் பொதுவாகச் சேரும் சுருதி) வரவில்லை என்றால் என்ன செய்வது? விட்டுவிடுங்கள். பாடுகிறவர்களுக்கு அது ஒரு தடையே இல்லை. மற்ற வாத்தியங்களோடு சேரவேண்டும் என்பதற்காகக் குழாயின் தலையை வெட்டினால், அந்த ஆர்கன் எந்தச் சுருதியில், எந்த முறையில் சேர்க்கப்பட்டிருந்தது என்பதற்கான கடைசித் தடயமும் போய்விடும். அதேபோல மின்சாரக் கட்டைவரிசை வைத்துத் தூரத்திலிருந்து வாசிக்கிற மாதிரி மாற்றுவது, இரண்டு ஸ்டாப் கூடுதலாகச் சேர்ப்பது, இதெல்லாம் வேண்டாம். காற்றேற்ற மட்டும் மின்சாரத்தில் ஓடும் ஊதி ஒன்று வைக்கத்தான் வேண்டும். வைக்கும்போது கையால் இயக்கும் பழைய துருத்தியையும் வேலை செய்யும் நிலையில் விட்டுவையுங்கள். சத்தம் வருகிறதென்று ஊதியைக் குளிர்ந்த நிலவறையில் வைக்காதீர்கள். அங்கிருந்து வரும் காற்று வேறு வெப்பம், வேறு ஈரம், சுருதி வாசிக்க வாசிக்க நகரும். ஆர்கன் இருக்கும் அறையின் காற்றையே அது இழுக்க வேண்டும். பழைய ஊதிப் பெட்டியும் சேர்ந்து வந்தால் உள்ளே கல்நார் பூச்சு இருக்கிறதா என்று சோதிக்காமல் திறக்க வேண்டாம்.

உங்கள் சபையார் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது: படமெடுப்பது, அளவு குறிப்பது, தட்டுகள் செய்வது, சுமப்பது, வெளிக்கூட்டைத் துடைப்பது. குழாயின் வாய், காற்றுப்பெட்டியின் உள்பக்கம், சுருதி சேர்ப்பது இவை மூன்றும் ஆர்கன் செய்பவரிடம்தான் இருக்கவேண்டும்.

கடைசியாக, நிறுத்திய பிறகு. முதல் நாள் கேட்கும்போது பழைய இடத்தில் கேட்டதைவிடச் சத்தமாகவோ வறட்சியாகவோ தோன்றலாம், உடனே யாராவது அழுத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள். குழாய்களைத் தொடாமல் முதலில் அறையைச் சரிபாருங்கள். தரைக் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, திரைச்சீலையை விலக்கிவிட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் அதிலேயே பாதி சரியாகிவிடும். மழை, குளிர், வெயில் எல்லாப் பருவமும் ஒருமுறை கடந்துபோகும்வரை மரம் அசைந்துகொண்டேதான் இருக்கும், அதுவரை கட்டை ஒட்டிக்கொள்வதும் சுரம் தானே ஒலிப்பதும் சகஜம். வேலை ஒப்பந்தம் போடும்போதே முதல் வருடத்தில் இரண்டு மூன்று முறை வந்து பார்த்துச் சரிசெய்து தருவதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.